நூறு வீட்டுக்கும் ஒரே அண்டா

எங்கள் சமத்துவபுரத்தில் சமுதாயக் கூடத்தின் பின்பக்கம் ஒரு சின்ன அறை இருக்கிறது. அண்டா, தேக்சா, சாம்பார் வாளி, கரண்டிகள், பந்திப் பாய், நாற்காலி எல்லாம் அங்கேதான். எல்லாப் பாத்திரத்திலும் 'ச.பு.' என்று பேர் வெட்டியிருக்கும். இந்த வருஷம் அந்த அறைச் சாவி என் வீட்டில்.

தென்மாவட்டங்களில் சாதிக் கலவரங்கள் நடந்த காலத்தில், எல்லாச் சாதியினரும் ஒரே குடியிருப்பில் சேர்ந்து வாழ 1997-இல் கலைஞர் அரசு அறிவித்த திட்டம் சமத்துவபுரம். முதல் சமத்துவபுரம் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் 1998-இல் திறக்கப்பட்டது. திட்டப்படி ஒவ்வொரு சமத்துவபுரத்திலும் 100 வீடுகள்: ஆதிதிராவிடர் 40, பிற்படுத்தப்பட்டோர் 25, மிகப் பிற்படுத்தப்பட்டோர் 25, மற்றவர்கள் 10. எங்கள் ஊரில் எங்களுடையது அந்த நாற்பதில் ஒரு வீடு. சுடுகாடு எல்லோருக்கும் ஒன்றுதான். பக்கத்துக் கிராமங்களில் இன்றைக்கும் சாதிக்கொரு சுடுகாடு இருப்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

அரசு வீட்டைக் கொடுத்தது, தெருவைக் கொடுத்தது. யார் பக்கத்தில் யார் இருக்க வேண்டும் என்பதையும் முடிவு செய்தது. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர்களோடு நாங்கள் உண்மையிலேயே பழக ஆரம்பித்தது இந்தப் பாத்திரங்களால்தான் என்று நான் நம்புகிறேன்.

அப்பா பிறந்த ஊரிலும் ஊர்ப் பாத்திரம் இருந்தது. கோயில் வரி கொடுக்கிற குடும்பங்கள், அதாவது தலைக்கட்டுகள்தான் அதை எடுக்கலாம். எங்கள் தெருவில் அந்த வரியை வாங்கவே மாட்டார்கள். வரி வாங்கிவிட்டால் உரிமை வந்துவிடும் இல்லையா? அதனால் எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு டவுனில் போய் வாடகைக்கு எடுத்து, வண்டி வைத்துக் கொண்டுவருவோம்.

இங்கே வந்த புதிதில் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள் சேமிப்பிலிருந்து இரண்டு அண்டா வாங்கினார்கள். குழுவில் எல்லாச் சாதியும் இருந்தது. வாங்கும்போது யாரும் எதுவும் சொல்லவில்லை. முதலில் எங்கள் வரிசையில் ஒரு காதுகுத்துக்கு எடுத்துப் பொங்கிவிட்டோம். அடுத்த விசேஷம் மேற்கு வரிசையில், வேறு சாதி வீட்டில். அதே அண்டாவை எடுப்பார்களா, டவுனுக்கு ஆள் அனுப்புவார்களா என்று ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. அந்த வீட்டுப் பாட்டி வந்து அண்டாவைத் தட்டிப் பார்த்தார். "நல்ல கனம். அடி பிடிக்காது" என்று சொல்லிவிட்டுத் தூக்கச் சொன்னார். அவ்வளவுதான்.

அப்புறம் கணக்கு நோட்டு வந்தது. உள்ளூர் வீடுகளுக்கு வாடகை கிடையாது, வெளியூர்க்காரர்களுக்கு உண்டு. கரண்டி தொலைந்தால் வாங்கி வைக்க வேண்டும். அண்டாவைக் கரி போகத் தேய்த்துத்தான் திருப்பித் தர வேண்டும். அதில் யாருக்கும் சலுகை இல்லை. சாவி வருஷத்துக்கு ஒரு வீடு என்று வரிசையாகப் போகும். போன வருஷம் வேறு சாதி வீட்டில் இருந்தது, அடுத்த வருஷம் இன்னொரு வீட்டுக்குப் போகும். வாடகைப் பணத்தில் சாமியானா வாங்கினோம். தண்ணீர்த் தொட்டி மோட்டார் எரிந்து, பழுது பார்க்க ஆள் வராமல் போனபோது இந்த நோட்டில் இருந்த பணம்தான் காப்பாற்றியது. சாவு விழுந்தால் வீட்டுக்கு வீடு 100 ரூபாய் வரி வாங்கி, பிணம் எடுப்பதற்கு முன்பே அந்த வீட்டுக்காரர் கையில் போய்விடும்.

திருவள்ளூர் மாவட்டம் குத்தம்பாக்கத்தில் இளங்கோ ஊராட்சித் தலைவராக இருந்தபோது சமத்துவபுரத்தை இரட்டை வீடுகளாகவே கட்டினார்கள். ஒரு பக்கம் தலித் குடும்பம், மறுபக்கம் வேறு சாதிக் குடும்பம், நடுவில் ஒரே சுவர். சுவரில் விரிசல் விட்டால் இரண்டு பேரும் பேசித்தானே ஆக வேண்டும்! அந்த யோசனை எனக்கு மிகவும் பிடிக்கும்.

எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். எங்கள் ஊரில் கல்யாணம் இன்னும் பெரும்பாலும் அவரவர் சாதிக்குள்தான். சில ஓட்டு வீடுகள் ஒழுகுகின்றன. 2022-இல் விழுப்புரம் மாவட்டம் கொழுவாரியில் புதிய சமத்துவபுரம் திறந்தபோது எனக்கு மனசெல்லாம் சந்தோஷம். அங்கேயும் ஒரு பாத்திர அறை வேண்டும், சாவி எல்லா வீட்டுக்கும் சுற்ற வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

இப்போது எங்கள் கவலை வேறு. பிள்ளைகள் திருப்பூர், சென்னை என்று போனதில் பல வீடுகளில் வாடகைக்குக் குடிவந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களைத் தலைக்கட்டில் சேர்ப்பதா, வெளியூர்க்காரர் என்று வாடகை வாங்குவதா என்று அடுத்த கூட்டத்தில் பேசப்போகிறோம். "நேற்று வந்தவர்களுக்கு எதற்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். எனக்கு இதில் சந்தேகமே இல்லை. வரி வாங்க வேண்டும், நோட்டில் பேர் எழுத வேண்டும், முறை வரும்போது சாவியும் கொடுக்க வேண்டும். வரி வாங்க மறுத்த ஊரிலிருந்துதான் நாங்கள் வந்தோம் என்பதைக் கூட்டத்தில் நானே எழுந்து சொல்வேன்.