டாக்டர் சொல்லியிருக்காராம்

கும்பகோணத்தில் கிளம்பித் தாராசுரம், அங்கிருந்து வயல்வெளி வழியாகப் பழையாறை, பட்டீஸ்வரம், அப்புறம் வடக்கே திரும்பித் திருவலஞ்சுழி, சுவாமிமலை. எல்லாம் சேர்ந்து பதினைந்து கிலோமீட்டரை ஒட்டி வரும். ஓடுகிறவனுக்கு இப்படியொரு பாதை லேசில் அமையாது. மேடு என்று சொல்ல ஆற்றுப் பாலங்கள்தான். சுவாமிமலையே கட்டுமலை, இயற்கையான குன்று அல்ல. இரண்டு பக்கமும் வயல், கொஞ்ச தூரத்துக்கு ஒரு சோழர் கோயில், வண்டிகளும் குறைவு. ஒரே ஒரு குறை, இந்தப் பாதையில் மனிதர்கள் குடியிருக்கிறார்கள்.

தை மாதக் கடைசியில் ஊருக்குப் போயிருந்தபோது இந்தத் திட்டத்தை வீட்டில் சொன்னேன். "தனியாவா? நாய் கடிச்சா யாருடா பதில் சொல்றது?" என்று பெரியப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டார். ரிட்டையர்டு தமிழ் வாத்தியார். அந்த வட்டாரத்தில் நாற்பது வயதைத் தாண்டியவர்களில் பாதிப் பேர் அவரிடம் அடி வாங்கியவர்கள். அதனால் மகாமகக் குளத்திலிருந்து தாராசுரம் போவதற்குள்ளேயே அவர் சைக்கிளை விட்டு இறங்கியபடியே இருந்தார். அவர் இறங்கினால் நானும் நிற்க வேண்டும். என் கைக்கடிகாரம் ஒவ்வொரு தடவையும் "ஓட்டம் நிறுத்தப்பட்டது" என்று கீச்சிட்டது.

வினை ஆரம்பித்தது தாராசுரம் டீக்கடையில். வீட்டில் பெரியம்மா அவருக்குச் சர்க்கரை இல்லாத காபிதான் தருவார். வெளியே வந்த சந்தோஷத்தில், "ஸ்ட்ராங்கா, சக்கரை கொஞ்சம் தூக்கலா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கடைக்காரர் என் அரைக்கால் சட்டையை மேலும் கீழும் பார்த்தார்.

"யாரு சார் இது?"

"என் தம்பி பையன். மெட்ராஸ்ல இருக்கான்."

"ஏன் ஓடறாரு?"

முப்பது வருஷம் யாப்பிலக்கணம் நடத்தியவர் இந்தக் கேள்விக்குத் திணறிவிட்டார். சும்மா ஓடுகிறான் என்றால் குடும்பத்துக்கு என்ன மரியாதை? கடைசியில், "டாக்டர் சொல்லியிருக்கார்" என்றார்.

"அடப்பாவமே. இந்த வயசுலேயே சுகரா?"

பெரியப்பா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பாய்லரை உற்றுப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் கடையில் இருந்த நாலு பேரும் வைத்தியம் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். ஒருவர் ஆவாரம்பூ, ஒருவர் நாவல்கொட்டைப் பொடி. மூன்றாமவர் பாகற்காய்ச் சாற்றை வெறும் வயிற்றில் குடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, தான் குடித்ததில்லை என்பதையும் ஒப்புக்கொண்டார். டிவிஎஸ் 50-இல் கேன்களோடு நின்ற பால்காரர் எதுவும் சொல்லவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பட்டீஸ்வரம் பக்கமாகப் போனார். அந்த ஆளை நான் கவனித்திருக்க வேண்டும்.

தாராசுரம் கோயிலைச் சும்மா கடந்து போக யாராலும் முடியாது, பெரியப்பாவோடு போனால் சுத்தமாக முடியாது. இரண்டாம் ராஜராஜன் 12-ஆம் நூற்றாண்டில் கட்டியது. தஞ்சைப் பெரிய கோயில் ஏற்கெனவே இருந்த யுனெஸ்கோ பட்டியலில் 2004-இல் இதுவும் ஏறியது. உள்ளே ஒரே தலையை யானையும் காளையும் பங்கு போட்டுக்கொள்ளும் சிற்பம் உண்டு. யானையின் உடம்பைக் கையால் மறைத்தால் காளை, காளையின் உடம்பை மறைத்தால் யானை. அதை எனக்குப் பள்ளிக்கூட வயதிலேயே காட்டிவிட்டார் என்று நினைவுபடுத்தி அவரைக் கிளப்ப வேண்டியிருந்தது. கிளம்பி நெசவாளர் தெருவில் திரும்பினால், இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பட்டுப் பாவை நீட்டிப் பிடித்திருக்கிறார்கள். ஜரிகையோடு சேலையாக வேண்டிய நூல். அதன் பக்கத்தில் வியர்வை சொட்டச் சொட்ட ஓடுவது எவ்வளவு பெரிய குற்றம் என்று அவர்கள் முகத்திலேயே தெரிந்தது. சுவரோடு ஒட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்து வெளியே வந்தேன்.

அப்புறம் வயல்வெளி. அறுவடை முடிந்த தாளடியில் வாத்துக் கூட்டம் மேய்ந்துகொண்டிருந்தது. பனி விலகவில்லை. நாய்கள் வந்தன. பெரியப்பா எதற்காக வந்தாரோ அது நடந்தது, ஆனால் ஆள் மாறி நடந்தது. ஓடுகிற என்னை அவை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. சைக்கிளைத்தான் துரத்தின. எழுபது வயது மனிதர் வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மிதித்த மிதியைப் பார்க்க வேண்டுமே! "பெரியப்பா, நிறுத்துங்க!" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன். அன்றைக்கு என்னுடைய வேகமான கிலோமீட்டர் அதுதான்.

மூச்சு வாங்கி நின்ற இடம் பழையாறை. சோழர்களின் அரண்மனை இருந்த ஊர். இப்போது கண்ணுக்குத் தெரிவது வாழைத் தோப்பும் நெல் வயலும், அவற்றுக்கு நடுவே கோயில்களும்தான். பசிக்கிறது, பக்கத்தில் இட்லி கிடைக்குமா என்று கேட்டேன்.

"அப்பர் சாப்பிடாம உட்கார்ந்த ஊருடா இது. மறைச்சு வச்ச சிவலிங்கத்தைக் கண்ணால பார்க்கற வரைக்கும் பச்சைத் தண்ணி பல்லுல படலை. நீ இட்லி கேக்கற!"

வாத்தியார்களோடு ஓடப் போகவே கூடாது.

பட்டீஸ்வரத்துக்குள் நுழையும்போதே ஒரு பெட்டிக்கடை அம்மா எழுந்து வந்தார். "நீங்கதானா தம்பி? பால்காரரு சொன்னாரு. தாகமா இருக்கும், ஆனா கலர் எல்லாம் குடிக்காதீங்க" என்று, நான் கேட்காத சோடாவை எனக்குத் தர மறுத்தார். ஒரு மணி நேரம் முன்னால் தாராசுரத்தில் பிறந்த வியாதி எனக்கு முன்னாலேயே ஊர் வந்து சேர்ந்திருந்தது. அங்கே ஒரு பள்ளிப்படைக் கோயில், அதாவது இறந்தவர் நினைவாக எழுப்பிய கோயில், இருக்கிறது. முதலாம் ராஜராஜனின் தேவியருள் ஒருவரான பஞ்சவன் மாதேவிக்காக ராஜேந்திர சோழன் எடுப்பித்தது. பெரியப்பா அதன் வாசலில் சைக்கிளை நிறுத்தினார்.

"சிற்றன்னைக்குக் கோயிலே கட்டியிருக்கான் பாரு. நீ பெரியப்பாவுக்கு ஒரு பின் டயராவது வாங்கிக் கொடு."

அந்த ஊரைத் தாண்டியதும் பாதி ரோட்டை நெல் பிடித்துக்கொண்டது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நெல்லை எடுக்க மாட்டார்கள். களம் இல்லாதவர்களுக்கு ரோடுதான் களம். அதனால் நான் ஓரமாக ஒதுங்கி ஓடினேன். தார்ப்பாயை விலக்கிக்கொண்டிருந்த ஒரு ஆயா விடவில்லை.

"இந்தா, சுகர்காரத் தம்பி! வெட்டியா ரோட்டுல ஓடறதுக்கு, செருப்பைக் கழட்டிட்டு இதுல காலை இழுத்து இழுத்து நடந்துட்டுப் போ. நெல்லு காஞ்சாப்பலயும் இருக்கும், உனக்கும் நல்லது."

பதினோராயிரம் ரூபாய் ஷூவைச் செருப்பு என்றதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அவர் சொன்னதில் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை. கழற்றினேன். நெல்லைக் காலால் கிளறிவிடுவது சாதாரண வேலையில்லை. கெண்டைக்கால் கதறுகிறது. ஒரு கோடி வரை போய்த் திரும்பினால், "அந்தப் பக்கமும் ஒரு தடவை" என்கிறார். பெரியப்பா வரப்பில் உட்கார்ந்து அந்த ஆயாவிடம் மாட்டு விலை பேசிக்கொண்டிருந்தார். கடிகாரமோ என் வேகத்தைப் பார்த்துவிட்டு, இது நடையா ஓட்டமா என்று கேட்டது.

திருவலஞ்சுழி வெள்ளைப் பிள்ளையாருக்கு வெளியிலிருந்தே ஒரு கும்பிடு. கடல் நுரையால் ஆனவர் என்பதால் அவருக்கு நீர் அபிஷேகம் கிடையாது, பச்சைக் கற்பூரப் பொடிதான். நான் இருந்த கோலத்தில் உள்ளே போகாதது அவருக்கும் நல்லது.

சுவாமிமலையில்தான் ஒரு மனிதரைச் சந்தித்தேன். சிற்பக் கூடத்து வாசலில், தென்னை ஓலைக் கீற்றை மடித்து அளவு வைத்துக்கொண்டிருந்த ஸ்தபதி. காவிரி வண்டலில் அச்சு எடுத்து உலோகம் வார்க்கிற பரம்பரை. ஓடி வந்த என்னை முகத்தில் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார். "வலது பாதம் உள்பக்கம் சாயுது தம்பி. இடுப்பு அதுக்கு ஈடு கட்டுது" என்றார். சென்னையில் ஷூ கடைக்காரர் மெஷினில் ஏற்றி ஓடவிட்டுச் சொன்ன அதே விஷயம். சர்க்கரையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் காலில் விழலாம் போல இருந்தது. குனிந்தால் நிமிர முடியாது என்பதால் விழவில்லை.

மலைக்கு 60 படிகள், தமிழ் வருஷங்கள் அறுபதுக்கும் ஒவ்வொன்று. பெரியப்பா தன்னுடைய பிறந்த வருஷத்துப் படி வந்ததும் உட்கார்ந்துவிட்டார். நான் மட்டும் ஏறி இறங்கினேன்.

கீழே அத்தை வீடு. வாசலுக்குள் கால் வைக்கும்போதே நெய்யில் முந்திரி வறுபடும் வாசனை. எனக்குப் பிடிக்கும் என்று ஒவ்வொரு தடவையும் கேசரி செய்வார். உட்கார்ந்தேன். பெரியப்பாவுக்கு வாழை இலையில் கேசரி வந்தது. எனக்கு ஒரு டம்ளர் வந்தது. பச்சை நிறம்.

"பாகற்காய். மூக்கைப் பிடிச்சுண்டு குடிச்சுடு. பட்டீஸ்வரத்துலேர்ந்து போன் வந்துது" என்றார் அத்தை. கண் கலங்கியிருந்தது.

"அத்தை, எனக்கு ஒண்ணும் இல்லை. சுகர் இவருக்குத்தான்!"

"தெரியும்டா. அண்ணாவுக்குப் பதினஞ்சு வருஷமா இருக்கு, பழகிடுத்து. நீ சின்னப் பையன்." சொல்லிக்கொண்டே பெரியப்பா இலையில் இன்னொரு கரண்டி வைத்தார்.

அதற்குள் அம்மா போன். மதுரை வரைக்கும் செய்தி போய்விட்டது. "ஜாதகம் கொடுத்திருக்கற இடமெல்லாம் கேக்கறாங்கடா, நான் என்ன பதில் சொல்றது?" பெரியப்பாவிடம் போனை நீட்டி, "நீங்களே சொல்லுங்க, டாக்டர் யாருன்னு சொல்லுங்க" என்றேன். அவர் வாங்கவில்லை, வாயில் கேசரி இருந்தது. நிதானமாக முழுங்கிவிட்டு அத்தையைப் பார்த்தார்.

"நெய் கொஞ்சம் கம்மிதாம்மா" என்றார்.