பத்து மணிக் கூட்டம்

ஐந்தாண்டுத் திட்டம் ஒன்று எழுதிக் கொடுத்தால்தான் அடுத்த நிதி என்று சொல்லிவிட்டார்கள். எங்களுடையது சின்ன மகளிர் கூட்டமைப்பு. அலுவலகம் நாகர்கோவிலில். உறுப்பினர்களில் பாதிப்பேர் முட்டம், கடியப்பட்டணம் பக்கம் மீன் விற்கிறவர்கள். மீதிப்பேர் குலசேகரம், திருவட்டார் பக்கம் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள். நான் செயலாளர், ஓய்வுபெற்ற டீச்சர்.

முதலில் அமர்த்திய ஆலோசகரைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் என்று நான்கு கட்டம் போட்டார், அரை நாளில் கிளம்பிவிட்டார். அவர் அனுப்பிய அறிக்கையில் ஓரிடத்தில் வேறொரு மாவட்டத்தின் பெயர் இருந்தது. முன்பணம் போச்சு.

இரண்டாவது வந்த அம்மா சென்னைக்காரர். ஒப்புக்கொள்ளும் முன்பே துணை விதி, வரவு செலவு, இரண்டு வருட மினிட் புத்தகம் மூன்றையும் கேட்டார். எத்தனை நாள் வேலை, கடைசியில் எங்கள் கையில் என்ன தருவார், பணம் எத்தனை தவணை என்று எல்லாம் எழுத்தில். அப்புறம் ஒரு நிபந்தனை: கூட்டத்துக்கு வராத உறுப்பினர்களிடம் அவர் தனியாகப் பேச வேண்டும், நிர்வாகிகள் யாரும் கூட இருக்கக்கூடாது. எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்.

பயிற்சி இரண்டு நாள். முதல் நாள் ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு பேப்பர் கப், நடுவில் ஒரு கிண்ணம் புளியங்கொட்டை. வாய் திறந்து பேசும்போதெல்லாம் ஒரு கொட்டையை எடுத்துத் தன் கப்பில் போட வேண்டும். விளையாட்டு என்றுதான் நினைத்தோம். மதியச் சாப்பாட்டுக்கு எழும்போது என் கப்பில் பாதிக்கு மேல் கொட்டை. கடியப்பட்டணத்து அக்கா கப்பில் இரண்டு. அதில் ஒன்று தன் பெயரைச் சொன்னதற்கு.

சாப்பாடு முடிந்து மினிட் புத்தகத்தைப் பிரித்தார். எல்லாம் என் கையெழுத்து. இரண்டாம் சனிக்கிழமை, காலை 10 மணி. வராதவர்கள் பட்டியலில் மாதாமாதம் அதே பெயர்கள். ஏன் என்று அந்த அக்காவிடம் கேட்டார்.

"பத்து மணிக்கு நாங்க மீன் சட்டியோட டீச்சருக்க தெருவுலதான் நிக்கியோம். டீச்சர் சாளைக்கு வெல பேசிட்டுதான் கூட்டத்துக்குப் போவாவ" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். ஆனால் உண்மை அது. குலசேகரத்துப் பெண்களுக்கும் அது சிரட்டையில் ஊறிய பாலை எடுத்து ஊற்றுகிற நேரம். ஆக, பத்து மணி என்பது டீச்சர்களுக்கு மட்டுமே தோதான நேரம். எல்லாருக்கும் ஒரே மாதிரி நோட்டீஸ் அனுப்பிவிட்டு, பாரபட்சம் இல்லாமல் நடத்துகிறோம் என்று இத்தனை வருடம் நினைத்திருக்கிறேன்.

மறுநாள் பருவ நாட்காட்டி. மீன்பிடித் தடைக்காலம் என்று ஆலோசகர் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கோடு போட்டுக்கொண்டு வந்திருந்தார். அது கிழக்குக் கடலுக்கு, எங்கள் மாவட்டத்தில் சின்னமுட்டத்துக்குப் பொருந்தும். மேற்கே முட்டம், குளச்சல் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. பெண்களே எழுந்து போய் அழித்துத் திருத்தினார்கள். ரப்பர்க்காரர்கள் அதே இரண்டு மாதத்தில் மழை வரைந்தார்கள். விடாமல் மழை பெய்தால் பால்வெட்டு இல்லை. பள்ளிக்கூடம் திறப்பதும் ஜூனில்தான். கடலுக்கும் மலைக்கும் ஒரே நேரத்தில் கை வறண்டு போகிற மாதங்கள் அவை என்று அந்தச் சார்ட்டைப் பார்த்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. கடன் தவணை தவறினால் அபராதம் என்று நாங்கள் அதிகம் எழுதியதும் அதே மாதங்களில்.

திட்டத்தில் முதல் வரியே அதுதான்: ஜூன், ஜூலையில் தவணை இல்லை. கூட்டம் ஞாயிறு மதியம் மூன்றரைக்கு, ஒரு மாதம் கடற்கரையில், மறுமாதம் குலசேகரத்தில். வருகிறவர்களுக்குப் பஸ் காசு.

நிர்வாகக் குழுவில் இரு பக்கத்துக்கும் சம இடம் என்பதுதான் இழுக்கிறது. அதற்குத் துணை விதியைத் திருத்த வேண்டும். பொதுக்குழுவில் சிறப்புத் தீர்மானம் போட்டு, மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். பழைய நிர்வாகிகள் இருவருக்கு இன்னும் மனசு வரவில்லை. அடுத்த பொதுக்குழு கடியப்பட்டணத்தில்.