உருளைப் பந்து பதித்த விசைப்பலகை

செங்கோட்டையில் அண்ணனின் லாரி புக்கிங் அலுவலகத்துக்கு உருளைப் பந்து (டிராக்பால்) உள்ளேயே பதித்த விசைப்பலகை ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன். மேசையில் பில் புத்தகங்களும் ரப்பர் ஸ்டாம்புகளும் போக, மவுசை நகர்த்த இடமே இல்லை. பந்து இருந்த இடத்திலேயே சுழன்று, திரையில் சுட்டியை நகர்த்தும். அதற்குத் தனி இடம் வேண்டாம்.

உருளைப் பந்தைப் புதிய கருவி என்று பலர் நினைக்கிறார்கள். 1946-லேயே ரால்ப் பெஞ்சமின் என்ற பிரிட்டன் பொறியாளர், கடற்படையின் ரேடார் பணிக்காக இதை உருவாக்கினார். மவுசுக்கும் மூத்தது!

வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது பந்து கையோடு கழன்று வருகிறதா என்பதைத்தான். விரலின் எண்ணெய்ப் பசையும் தூசியும் பந்தைத் தாங்கும் புள்ளிகளில் படிந்தால் சுட்டி தயங்கித் தயங்கி நகரும். கழற்றித் துடைத்தால் சரியாகிவிடும். புளியரை வழியாக லாரிகள் ஓயாமல் போகும் எங்கள் சாலையோரத்தில் இது சின்ன விஷயமே இல்லை.

அடுத்து, எண் விசைகள். சிறிய மாடல்கள் பலவற்றில் அந்தப் பகுதியையே வெட்டிவிடுகிறார்கள். வாடகைக் கணக்கு எழுதுபவருக்கு அது உதவாது. பந்து பெரும்பாலும் வலப்பக்கம்தான் இருக்கிறது. தமிழ்99 என்ற தட்டச்சு முறையில் மெய்யெழுத்துகளில் பெரும்பாலானவையும் வலக்கைக்கே. அதனால் வலக்கையை எழுத்துகளிலிருந்து எடுக்காமலேயே கட்டைவிரலுக்கு எட்டும் பந்தையே விரும்புகிறேன்.

தென்காசியிலோ புனலூரிலோ இதைத் தொட்டுப் பார்த்து வாங்கக்கூடிய கடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.