எலைசா பிறந்த இடம்

ஜூன் 14, 2025, சனி

வயிற்றில் பிள்ளை, பிரஷர் 148/96. லேப்டாப்பை மூடிவிட்டு இடது பக்கம் ஒருக்களித்துப் படு என்று டாக்டர் சொல்லிவிட்டார். படிக்கலாமா என்று கேட்டேன். மனதை அலட்டாத எதையாவது படி என்றார். நான் கேட்டபடி நூலகத்திலிருந்து என் வீட்டுக்காரர் எடுத்துவந்திருப்பதெல்லாம் அமெரிக்க உள்நாட்டுப் போரும் அதற்குப் பிந்தைய பத்து ஆண்டுகளும்.

அம்மா போனில்: "ஆகஸ்ட் 3 ஆடிப்பெருக்குடி. நல்ல நாள்."

ஜூன் 18, புதன்

காலை 9 மணியிலிருந்து போனும் கையுமாக இருந்தேன். எங்களைப் போல விசாவில் இருப்பவர்களுக்கு இங்கே பிறக்கும் பிள்ளைக்குக் குடியுரிமை இல்லை என்ற டிரம்ப் ஆணையைப் பற்றிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இன்று இல்லை.

ஜூன் 19, வியாழன்

ஜூன்டீன்த், அடிமைகள் விடுதலை நாள். அவருக்கு விடுமுறை. இந்த டெக்சாஸில்தான் நடந்தது. லிங்கனின் விடுதலைப் பிரகடனம் 1863 ஜனவரி 1-லேயே வந்துவிட்டது. ஜெனரல் கார்டன் கிரேஞ்சர் கால்வெஸ்டனுக்கு வந்து ஆணையை அறிவித்தது 1865 ஜூன் 19-இல். நடுவில் இரண்டரை ஆண்டு. அந்த இரண்டரை ஆண்டில் இங்கே பிறந்த பிள்ளைகளைப் பற்றியே இன்று முழுக்க நினைப்பு. தாளின்படி சுதந்திரப் பிள்ளைகள், பருத்திக் காட்டில் அடிமைப் பிள்ளைகள். தாளில் இருப்பது ஊருக்கு வந்துசேரப் பட்டாளம் வந்து இறங்க வேண்டியிருந்தது.

ஜூன் 20, வெள்ளி

இன்றும் இல்லை.

ஜூன் 22, ஞாயிறு

டிரெட் ஸ்காட் வழக்கு. அடிமையாக இருந்த டிரெட் ஸ்காட்டைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அவர் மனைவி ஹேரியட்தான் கண்முன் நிற்கிறாள். 1846-இல் செயின்ட் லூயிஸில் இருவரும் விடுதலை கேட்டுத் தனித்தனியாக வழக்குப் போட்டார்கள். இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவள் எலைசா பிறந்தது மிசிசிப்பி ஆற்றில், 'ஜிப்சி' என்ற நீராவிப் படகில். படகு அப்போது மிசூரி எல்லைக்கு வடக்கே இருந்தது. அங்கே அடிமை முறைக்குத் தடை. இளையவள் லிஸ்ஸி பிறந்தது மிசூரிக்குள், ஜெஃபர்சன் பாரக்ஸ் ராணுவ முகாமில். தீர்ப்பிலேயே இதெல்லாம் இருக்கிறது. ஒரே வயிற்றுப் பிள்ளைகள். வலி எடுத்தபோது படகு கோட்டுக்கு எந்தப் பக்கம் இருந்தது என்பதை உச்ச நீதிமன்றம் வரைக்கும் கொண்டுபோக வேண்டியிருந்திருக்கிறது.

1857 மார்ச் 6. தலைமை நீதிபதி டானி, 7-2. ஆப்பிரிக்க அடிமைகளின் வழிவந்தவர்கள், அடிமையாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், இந்த நாட்டின் குடிமக்களாக முடியாது என்றார். எலைசாவின் படகுக்கு எந்த மதிப்பும் இல்லாமல் போயிற்று. நான்கே ஆண்டில் போர். போர் முடிந்த பிறகு, அரசியல் சட்டத்தின் 14-வது திருத்தத்தின் முதல் வாக்கியத்தை இந்தத் தீர்ப்பைக் குழிதோண்டிப் புதைக்கத்தான் எழுதினார்கள். இங்கே பிறந்து இந்நாட்டின் அதிகாரத்துக்கு உட்பட்டவர்கள் எல்லோரும் குடிமக்கள். டானியைப் படிக்காமல் இதை மட்டும் படித்தால் ஏதோ பதிவு அலுவலக விதி மாதிரி இருக்கும். படித்துவிட்டு வந்தால் ஒவ்வொரு சொல்லிலும் ரத்தம் தெரிகிறது.

ஜூன் 24, செவ்வாய்

1866 மே மாதம், செனட்டில் அந்தத் திருத்தம் பற்றிய விவாதம். பென்சில்வேனியாவின் கோவன் எழுந்து கேட்கிறார்: கலிபோர்னியாவில் பிறக்கிற சீனப் பிள்ளைகளும் குடிமக்களா? பதில் சொல்ல எழுந்தவர் கலிபோர்னியா செனட்டர் ஜான் கான்னெஸ். அயர்லாந்தில் பிறந்து இங்கே வந்தவர். ஆமாம், அவர்களும்தான் என்றார். அந்தக் காலத்தில் வந்தேறிகளின் பிள்ளைகளை யார் யோசித்தார்கள் என்று டிவியில் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். யோசித்தார்கள். கேள்வியும் பதிலும் செனட் பதிவில் அச்சாகி இருக்கிறது. அவர் அதைப் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஜூன் 26, வியாழன்

நாளைதான் கடைசி. தூக்கம் வரவில்லை.

ஜூன் 27, வெள்ளி

வந்துவிட்டது. 6-3. ஆணை சரியா தவறா என்று தீர்மானிக்கவே இல்லை. கீழ் நீதிமன்றங்கள் நாடு முழுவதற்கும் பொதுவாகத் தடை போட முடியாது, வழக்குப் போட்டவர்களுக்கு வேண்டிய அளவுக்குத்தான் போடலாம், அவ்வளவே. முப்பது நாள் கழித்து ஆணை அமலுக்கு வரலாம். ஜூலை 27.

வழக்குப் போட்ட மாநிலங்கள் 22. நியூ ஜெர்சி இருக்கிறது. டெக்சாஸ் இல்லை.

நாத்தனார் வீடு நியூ ஜெர்சியின் எடிசனில். அவள் பெண் அங்கேதான் பிறந்தாள். ஒரே குடும்பத்தில் ஒரு பிள்ளை கோட்டுக்கு அந்தப் பக்கம், ஒரு பிள்ளை இந்தப் பக்கம். எலைசா, லிஸ்ஸி. சாயந்திரம் வரைக்கும் யாரோடும் பேசவில்லை. 154/98.

ஜூன் 28, சனி

எடிசன் போய்விடலாம் என்று இவர் பிடிவாதம் பிடித்தார். இந்தப் பிரஷரில் விமானமும் கூடாது, அவ்வளவு தூரம் காரும் கூடாது என்று டாக்டர் முடித்துவிட்டார். அதற்கப்புறமும் சண்டை. நான்தான் கத்தினேன். அத்தை ஒன்றும் கேட்காமல் ரசம் சாதம் பிசைந்து கொண்டுவந்தார்கள்.

ஜூலை 1, செவ்வாய்

வாங் கிம் ஆர்க். சான் பிரான்சிஸ்கோவில் 1873-இல் பிறந்தவர், சமையல்காரர். சீனாவுக்குப் போய்விட்டு 1895 ஆகஸ்டில் திரும்பி வந்தபோது நீ குடிமகன் இல்லை என்று இறங்க விடவில்லை. சீனத் தொழிலாளர்களை வரவே விடாத 1882 சட்டம் அமலில் இருந்த காலம். தான் பிறந்த ஊர் கண்ணெதிரே தெரிய, கப்பல் மாற்றிக் கப்பலாக மாதக்கணக்கில் வைத்திருந்தார்கள். அவர் விடவில்லை. 1898 மார்ச் 28, 6-2, நீதிபதி ஹொரேஸ் கிரே: பெற்றோர் சீனக் குடிகளாக இருந்தாலும் இவர் குடிமகன். கான்னெஸ் சொன்ன 'ஆமாம்' தீர்ப்பாக வர 32 ஆண்டு ஆகியிருக்கிறது, அதற்கும் ஒரு சமையல்காரர் முரண்டு பிடிக்க வேண்டியிருந்தது. என் பிள்ளை இன்று நிற்பது அவர் தோள்மேல்.

ஜூலை 3, வியாழன்

இரவு 3 மணி. நீதிபதி ஹார்லன் எப்படி? 1896-இல் பிளெஸ்ஸி வழக்கில் ரயிலில் கறுப்பினத்தவரைத் தனியே பிரித்து உட்கார வைப்பது தவறு என்று தனியொருவராக நின்றவர். இரண்டே ஆண்டு கழித்து வாங் கிம் ஆர்க் குடிமகன் இல்லை என்கிறார். அந்த வழக்கில் பிரித்து வைப்பதற்குக் கைதூக்கிய கிரே இந்த வழக்கில் எங்கள் பக்கம். நல்லவர், கெட்டவர் என்று பிரித்து வைத்துப் படித்தால் இந்த நாட்டின் வரலாறு கைக்குள் அடங்காது. எத்தனை யோசித்தும் ஹார்லனை மன்னிக்க மனம் வரவில்லை.

ஜூலை 5, சனி

கெர் கவுண்டியில் வெள்ளம். கோடை முகாமுக்குப் போன சின்னஞ்சிறு பெண்கள். டிவியை அணைக்கச் சொல்லிவிட்டேன்.

ஜூலை 7, திங்கள்

வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தி: "நமக்கு எதுக்குப்பா இவங்க சரித்திரம்? வந்தோமா, வேலையைப் பார்த்தோமான்னு இருக்கணும்." பதிலுக்கு எழுத எழுத நீண்டுகொண்டே போனது. அனுப்பவில்லை. இங்கே எழுதுகிறேன்.

பகத் சிங் திந்த் அமெரிக்க ராணுவச் சீருடை போட்டவர். 1923-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக, இந்தியர் வெள்ளையர் ஆகமாட்டார், குடியுரிமை பெற முடியாது என்றது. ஏற்கெனவே பெற்றிருந்த இந்தியர்கள் பலரிடமிருந்தும் பிடுங்கினார்கள். அதில் ஒருவர், வைஷ்ணோ தாஸ் பகாய், 1928-இல் தற்கொலை செய்துகொண்டார். 1946 சட்டம் கதவைத் திறந்தது, ஆண்டுக்கு 100 இந்தியர் என்று. நம் சனங்கள் இத்தனை பேர் வர வழி பிறந்தது 1965 அக்டோபர் 3-இல், அதிபர் ஜான்சன் சுதந்திர தேவி சிலையடியில் புதிய குடியேற்றச் சட்டத்தில் கையெழுத்துப் போட்ட பிறகுதான். அதே ஆண்டு ஆகஸ்டில்தான் கறுப்பினத்தவரின் வாக்குரிமைச் சட்டமும் வந்தது. மார்ச்சில் அந்த உரிமை கேட்டு நடந்து செல்மா பாலத்தில் தடியடி வாங்கியவர்கள் நாட்டின் மனசாட்சியை உலுக்கியிருக்காவிட்டால் அந்தக் கதவும் திறந்திருக்காது என்றே நினைக்கிறேன். அவர்களுக்கு நம் ஊர்ப் பெயர்கூடத் தெரிந்திருக்காது. அந்தக் கடனைத் தெரிந்துகொள்ளாமல் இங்கே வீடு வாங்கி, கோயில் கட்டி, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினால் எப்படி? அடுத்து ஒரு திருப்பம் வரும்போது அது திருப்பம் என்றே நமக்குத் தெரியாது.

இவ்வளவும் எழுதிய பிறகு 150/96. இருக்கட்டும்.

ஜூலை 9, புதன்

14-வது திருத்தம் நிறைவேறிய நாள். 1868. அவரிடம் சொன்னேன். அலுவலகத்திலிருந்து வரும்போது கேசரிக்கு முந்திரி வாங்கி வந்தார்.

ஜூலை 10, வியாழன்

நியூ ஹாம்ப்ஷயரில் நீதிபதி லாப்லான்ட் தடை போட்டுவிட்டார். பிப்ரவரி 20 முதல் பிறந்த, பிறக்கப்போகிற, ஆணையால் பாதிக்கப்படும் பிள்ளைகள் அனைவரையும் ஒரே தரப்பாகச் சேர்த்து, நாடு முழுவதற்கும். டெக்சாஸுக்கும். செய்தியை மூன்று இடத்தில் சரிபார்த்துவிட்டுத்தான் அத்தையிடம் சொன்னேன். அவர்கள் மடியில் தலைவைத்து அழுதேன்.

ஆனால் மேல்முறையீட்டுக்கு ஏழு நாள் அவகாசம் கொடுத்திருக்கிறார். ஜூலை 17. கடைசியில் திரும்ப அந்த ஒன்பது பேரிடம்தான் போகும். கிரே அங்கே இருப்பாரா, ஹார்லன் இருப்பாரா?

ஜூலை 12, சனி

தலைவலி. கண் மங்குகிறது. ஹேரியட்டைப் பற்றி இன்னொரு புத்தகம் கேட்டிருக்கிறேன்.

ஜூலை 13, ஞாயிறு

162/104. இனி தள்ளிப்போட முடியாது, உடனே வா என்கிறார் டாக்டர். இவர் காரை எடுக்கிறார். இரண்டு பாஸ்போர்ட்டையும் பையில் வைத்துக்கொண்டேன்