கிமோனோ: நாலாவது மாதம், 38 நிமிடம்

கியோட்டோவில் தேநீர்ச் சடங்கு வகுப்பில் சேர்ந்த கையோடு, பிப்ரவரியில், கிமோனோ உடுத்தவும் பழக ஆரம்பித்தேன். முதல் தடவை தனியாக உடுத்தி முடிக்க ஒன்றே முக்கால் மணி நேரம். நேற்று 38 நிமிடம், அதிலும் பத்து நிமிடம் இடுப்புக் கயிற்றைத் தேடியே போனது. அதன் மேலேயேதான் உட்கார்ந்திருந்தேன்.

தினமும் சேலை கட்டினவளுக்கு இது என்ன பிரமாதம் என்றுதான் இறங்கினேன். சேலையில் துணி மிஞ்சினால் கொசுவத்தில் இரண்டு மடிப்பு கூட வைத்துச் சமாளித்துவிடலாம். இங்கே அது நடக்காது. கிமோனோவைக் கணுக்கால் அளவுக்குத் தூக்கிப் பிடித்து, கயிற்றால் இறுக்கி, மேலே மிஞ்சும் துணியை இடுப்பைச் சுற்றி ஒரு மடிப்பாக இறக்கவேண்டும். ஒஹஷோரி என்பார்கள். இடுப்பில் சுற்றிக் கட்டும் அகலப் பட்டையான ஒபிக்குக் கீழே விரல் நீளத்துக்கு நேராகத் தெரியவேண்டும். என்னுடையது கிதானோ தென்மங்கு கோயிலில் மாதாமாதம் 25ஆம் தேதி கூடும் சந்தையில் வாங்கிய பழைய கிமோனோ, யாரோ குள்ளமான பாட்டியுடையது போல, மடிக்கத் துணியே மிஞ்சவில்லை. கயிற்றை இடுப்பெலும்பு வரை இறக்கிக் கட்டச் சொன்னார் சென்செய், அதாவது எங்கள் ஆசிரியர். இப்போது மூன்று விரற்கடை தேறுகிறது. மணிக்கட்டு வெளியே தெரிவதைத் தடுக்கத்தான் வழியில்லை.

ஒபியை முன்பக்கம் முடிச்சுப் போட்டுப் பின்னால் திருப்பிக்கொள்கிறேன். கிட்டத்தட்ட மூன்றரை மீட்டர் துணியை முதுகுக்குப் பின்னால் கையாள எனக்கு இன்னும் தெம்பில்லை. திருப்புவது எப்போதும் வலப்பக்கமாக. ஒருமுறை இடப்பக்கம் திருப்பிவிட்டேன், கழுத்துப்பட்டியும் கூடவே வந்து கலைந்துவிட்டது, எல்லாம் முதலிலிருந்து.

பெரிய சொதப்பல் மார்ச்சில். கண்ணாடியைப் பார்த்தே மடித்ததில் வலது விளிம்பு மேலே வந்துவிட்டது. பிணத்துக்குத்தான் அப்படி உடுத்துவார்கள். நல்லவேளை, வீட்டு வாசலிலேயே கண்டுபிடித்தேன். இனிப்பு வைக்கும் கைஷித் தாள்களை மார்பு மடிப்புக்குள் செருகப் போனேன், வலது கை உள்ளே நுழையவே இல்லை! அன்றிலிருந்து கண்ணாடியை நம்புவதில்லை, வலது கை நுழைகிறதா என்று மட்டும் பார்க்கிறேன்.

மோதிரம், கைக்கடிகாரம், ஒபிக் கயிற்றில் கோக்கும் அலங்காரக் கல் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் தேநீர் அறைக்குள் போகவேண்டும், கிண்ணத்தில் கீறல் விழக்கூடாதே. சென்ட்டும் வேண்டாம்.

இன்னும் வராதது எழுந்திருப்பது. மண்டியிட்டு அரை மணி உட்கார்ந்த பிறகு கால் மரத்துப் போகிறது, விளிம்பை மிதித்துக்கொண்டே எழுகிறேன், அரும்பாடுபட்டு வைத்த அந்த மூன்று விரற்கடை மடிப்பு சரிந்துவிடுகிறது.

அப்புறம், ஜூன் பிறந்தால் உள்துணி வைத்த கிமோனோ உடுத்தக்கூடாதாம், ஒற்றைத் துணியில் தைத்த ஹிதோயேதான். என்னிடம் இருப்பது இந்த ஒன்றுதான். ஆக, 25ஆம் தேதி மறுபடியும் சந்தைக்கு, இந்தத் தடவை கையில் அளவுநாடாவோடு.