பாறையை விட இளைய மூன்று மணிகள்

சில்லக்குடி மணற்கல்லை முதல் தடவை உடைத்து ஆராய்ந்தபோது கிடைத்த பதில் தப்பு. இரண்டாவது தடவை கிடைத்தது சரியான பதில், ஆனால் அது பதில் என்று புரியவே எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. மணலில் இருக்கிற கனிம மணிகளின் வயதை வைத்து அந்த மணல் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கிற இந்த வேலையில் இறங்கப்போகிற யாருக்காவது உதவும் என்று இரண்டையும் எழுதி வைக்கிறேன்.

அரியலூர் பக்கம் சில்லக்குடி வட்டாரத்தில் வெளியே தெரிகிற இந்த மணற்கல் சுமார் 8 கோடி ஆண்டு பழையது. அப்போது அங்கே கடல் இருந்தது. நான் சுத்தியலோடு நின்றதைப் பார்த்துவிட்டு, மாடு ஓட்டி வந்த பெரியவர் ஒருவர், "சிமெண்ட் கம்பெனியிலேருந்து வர்றீங்களா தம்பி?" என்றார். "இல்லீங்கய்யா, இந்த மணல் எங்கேருந்து வந்துச்சுன்னு பாக்குறோம்" என்றேன். "ஆத்துலேருந்துதான் வந்திருக்கும்" என்றார். சரிதான். எந்த மலையை அரித்துக்கொண்டு வந்த ஆறு என்பதுதான் மிச்சக் கேள்வி.

அதற்குச் சாட்சி சொல்வது சிர்கான். மணவாளக்குறிச்சி தாது மணலில் இல்மனைட்டோடு கிடைக்கிற அதே கனிமம். கிரானைட் மாதிரியான பாறை உறையும்போது பிறக்கும். பாறை கரைந்து மணலான பிறகும் அழியாது. பிறக்கும்போது யுரேனியத்தைக் கொஞ்சம் உள்ளே வாங்கிக்கொள்ளும், ஈயத்தை அனேகமாகச் சேர்க்காது. ஆகவே பின்னால் உள்ளே இருக்கிற ஈயம் யுரேனியம் சிதைந்து உண்டானது. யுரேனியத்தில் இரண்டு வகை: 238 பாதியாக 447 கோடி ஆண்டு, 235 பாதியாக 70 கோடி ஆண்டு. ஒரே மணிக்குள் இரண்டு கடிகாரம். இரண்டும் ஒரே நேரம் காட்டினால் வயதை நம்பலாம், காட்டாவிட்டால் அந்த மணியை ஒதுக்க வேண்டியதுதான்.

ஐந்து கிலோ கல்லை மூட்டை கட்டி வந்து, அரவை இயந்திரத்தில் போட்டு, சல்லடையில் சலித்து, தண்ணீரில் அரித்தேன். அரிக்கஞ்சட்டியில் அரிசியைக் கழுவிக் கல் ஒதுக்கிய ஆச்சியின் கை அசைவு எனக்கு அங்கேதான் பயன்பட்டது. கனமானது அடியில் தங்கும், லேசானது தண்ணீரோடு போகும். அப்புறம் காந்தம், அப்புறம் புரோமோஃபார்ம். அந்தத் திரவத்தின் அடர்த்தி 2.89. குவார்ட்ஸ் 2.65, அதனால் மிதக்கும். சிர்கான் 4.6, அதனால் மூழ்கும். நச்சுப் புகை என்பதால் புகை உறிஞ்சும் கூண்டுக்குள் வைத்துத்தான் செய்ய வேண்டும். ஐந்து கிலோவில் கடைசியாக மிஞ்சியது ஒரு சிட்டிகை.

மைக்ராஸ்கோப்பில் ஒவ்வொரு மணியாகப் பொறுக்கி, ரெசினில் பதித்து, பாதி தேயும்வரை பாலிஷ் போட்டு, எலெக்ட்ரான் கற்றையில் ஒளிரவிட்டுப் படம் எடுத்தோம். ஒரு மணி இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. நடுவில் மரத்தின் வளையங்கள் போல வரிவரியான கரு. அதைச் சுற்றி வரியே இல்லாத சாம்பல் நிறத் தோல், அகலம் 40 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்) இருக்கும். வயது பார்க்க மணியை லேசரால் சுட்டு, வெளிவருகிற துகளை அளப்போம். அந்த லேசர் தோண்டுகிற குழி 30 மைக்ரான். கருவும் தோலும் சேருகிற இடத்தில் குழி விழுந்திருந்தால், இரண்டின் வயதும் கலந்து, எந்தக் காலத்தையும் குறிக்காத ஓர் எண் வந்திருக்கும். படம் பார்த்துத் தனித்தனியாகச் சுட்டோம். கரு சுமார் 250 கோடி ஆண்டு, தோல் 55 கோடி. நகக்கண்ணில் அடங்குகிற ஒரு துகளுக்குள் 195 கோடி ஆண்டு இடைவெளி! அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த மூன்று மணிகள் வந்தன. மூன்றும் சுமார் 2.2 கோடி ஆண்டு. இரண்டு கடிகாரமும் ஒத்துப்போயின. வயது தெரிந்த ஒப்பீட்டு மணிகளை இடையிடையே சுட்டிருந்தோம். கனடாவின் '91500' என்ற மணி தன் 106.5 கோடியைக் காட்டியது, செக் நாட்டு 'பிளெஷோவிட்சே' மணி தன் 33.7 கோடியைக் காட்டியது. கருவியில் பிழை இல்லை. ஆனால் 8 கோடி ஆண்டுக்கு முன்பே படிந்துவிட்ட மணலுக்குள் 2.2 கோடி ஆண்டு மணி எப்படி நுழையும்?

வழிகாட்டி மேடம் படத்தைப் பார்த்தார். "உனக்கு முன்னாடி அந்த மெஷின்ல யார் கல் உடைச்சது?" என்று மட்டும் கேட்டார். பதிவேட்டைப் புரட்டினேன். எனக்கு முந்தின நாள் அதில் அரைபட்டது இமாலய கிரானைட். இமயத்தின் அந்த வெளிர் கிரானைட்டுகளுக்கு அதுதான் வயது. அரவை இயந்திரத்தின் தாடை இடுக்கில் தங்கியிருந்த துகள் என் மூட்டையில் கலந்துவிட்டது.

ஆறு வார உழைப்பு போயிற்று. அழுகை வந்தது. மறுபடி சில்லக்குடி போனேன். இந்த முறை அரவை இயந்திரத்தின் தட்டுகளைக் கழற்றி, கம்பி பிரஷ் போட்டு, காற்றடித்து, அசிட்டோனில் துடைத்து, முதலில் வெறும் குவார்ட்ஸை ஒரு தடவை அரைத்துக் கொட்டிவிட்டு, அப்புறம்தான் என் கல்லை உள்ளே விட்டேன். இதைப் படிக்கிறவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மட்டும் மறக்காதீர்கள்.

இரண்டாவது சுற்றில் 117 நம்பகமான வயதுகளாவது வேண்டும் என்று முடிவு செய்துகொண்டோம். மணலில் இருபதில் ஒரு பங்கு அளவுள்ள எந்த வயதுக் கூட்டமும் விட்டுப்போகாது என்று 95 சதவீத உறுதியோடு சொல்ல அத்தனை தேவை. முடிவு வந்தது. 250 கோடியை ஒட்டி ஒரு குவியல், 55 கோடியை ஒட்டி ஒரு குவியல், நடுவில் 80 கோடி பக்கம் சில. 50 கோடிக்குக் கீழே ஒன்றுகூட இல்லை.

முதல் குவியல் சேலம், நாமக்கல் பக்கத்துச் சார்னோகைட் என்ற பாறையின் வயது. இரண்டாவது, காவிரிக்குத் தெற்கே மதுரைப் பக்கப் பாறைகளில் அழுத்தமாகப் பதிந்திருக்கிற முத்திரை. இந்தியாவும் அண்டார்டிகாவும் ஒன்றாக இருந்த கோண்டுவானா என்ற பெருங்கண்டம் ஒட்டிச் சேர்ந்தபோது அவை வெந்த காலம். பெரியவர் சொன்ன ஆற்றுக்கு மலை கிடைத்துவிட்டது. ஆனாலும் எனக்கு ஏமாற்றம்தான். மணல் படிந்த காலத்தையும் மணிகளே சொல்லும் என்று நினைத்திருந்தேன். படிந்த காலத்துக்கும் மிக இளைய மணிக்கும் நடுவே 40 கோடி ஆண்டுக்கு மேல் வெற்றிடம்.

மேடம் 2012இல் கேவுட், ஹாக்ஸ்வொர்த், டூய்ம் மூவரும் எழுதிய கட்டுரையைக் கொடுத்தார். அதைப் படித்த பிறகுதான் அந்த வெற்றிடத்தை வேறு மாதிரி பார்த்தேன். கடல் தட்டு கண்டத்துக்கு அடியில் செருகுகிற விளிம்பில் எரிமலைகள் வரிசையாக இருக்கும். புதுச் சிர்கான் பிறந்த சூட்டோடு மணலில் சேரும். கண்டம் பிளந்து விலகி, பிறகு அமைதியாகக் கிடக்கிற விளிம்பில் அப்படி எரிமலை வரிசை இல்லை. பழைய பாறை மட்டுமே அரிபடும். திபெத்தில் ஷிகாட்சே பக்கம், சில்லக்குடி மணல் படிந்த அதே கிரிட்டேசியஸ் கால மணற்கல்லில் பெரும்பாலான மணிகள் கிரிட்டேசியஸிலேயே பிறந்தவை. அங்கே, இந்தியாவுக்கும் ஆசியாவுக்கும் நடுவே அப்போது இருந்த டெத்திஸ் கடலின் வடகரையில் எரிமலைகள் கொதித்துக்கொண்டிருந்த காலத்தில், அண்டார்டிகாவை விட்டுப் பிரிந்து 5 கோடி ஆண்டாகிவிட்ட நம் கிழக்குக் கரை அடங்கிக் கிடந்திருக்கிறது. இல்லாத மணிகள்தான் அதைச் சொல்கின்றன. முதல் சுற்றின் அந்த மூன்று மணிகளைக் கவனிக்காமல் விட்டிருந்தால் இந்த வெற்றிடமே எனக்குத் தெரிந்திருக்காது.

அடுத்து தெரணிப் பக்கம் போகிறேன். அங்கே வெள்ளைக் களிமண் குழிகளில் இலைப் பதிவுகளோடு இருக்கிற அடுக்குகள் இதைவிடப் பழையவை, கண்டம் பிளந்துகொண்டிருந்த காலத்தவை. 55 கோடி முத்திரை இலங்கையிலும் உண்டு, அண்டார்டிகாவிலும் உண்டு. அதனால் வயது மட்டும் போதாது, மணலின் சாய்வு வரிகளை அளந்து தண்ணீர் எந்தத் திசையில் ஓடியது என்றும் பார்க்க வேண்டும். ஆய்வேட்டின் பின்னிணைப்பில் அந்த மூன்று மணிகளின் அளவீடுகளையும், அவை எப்படி வந்து சேர்ந்தன என்ற விவரத்தோடு, சேர்த்திருக்கிறேன்.