வார விடுமுறைக்கு மறுநாள்

ஜூன் 6, 2024, வியாழன்

காலை பத்தரைக்கு எங்கள் நூல் மில்லின் மருந்தறைப் பக்கம் போனேன். பஞ்சைச் சீவும் கார்டிங் பகுதியில் வேலை செய்யும் பெரியவர் பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். புருவத்தில்கூட வெள்ளைப் பிசிர். காய்ச்சல் இல்லை, சளி இல்லை.

“நெஞ்சின் மேல் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கிறதம்மா. நாளைக்குச் சரியாகிவிடும். லீவு முடிந்து வந்தால் முதல் நாள் எப்போதும் இப்படித்தான்.”

சிஸ்டர் பதிவேட்டில் ‘மூச்சுத் திணறல்’ என்று எழுதி மாத்திரை கொடுத்தார். கால் மணி நேரத்தில் பெரியவர் இயந்திரத்துக்குத் திரும்பிவிட்டார்.

வாசல் பலகையில் இன்றோடு விபத்தில்லாத நாட்கள் 212. அந்த எண்ணுக்காக இந்த மில்லில் எல்லோரும் பாடுபட்டிருக்கிறோம். மூடியைத் திறந்தால் இயந்திரம் நின்றுவிட வேண்டும், ஓடும்போது யாரும் கை விட்டுப் பஞ்சை எடுக்கக் கூடாது என்று எத்தனை முறை சண்டை போட்டிருப்பேன். பெரியவரின் நெஞ்சுக்கு அந்தப் பலகையில் இடமே இல்லை.

‘எப்போதும்’ என்றாரே, அது எத்தனை வருடமாக?

ஜூன் 8, சனி

மருந்தறைப் பதிவேட்டையும் வருகைப் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு மத்தியானம் முழுக்க உட்கார்ந்தேன். கண் எரிகிறது.

பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோய்க்கு பிசினோசிஸ் என்று பெயர். மேல்நாட்டு மில்களில் அதற்குத் ‘திங்கட்கிழமைக் காய்ச்சல்’ என்று பட்டப்பெயர் உண்டு. ஞாயிறு ஓய்வெடுத்துவிட்டுத் திங்கள் வேலைக்கு வந்தால், ஷிப்ட் தொடங்கிச் சில மணி நேரத்தில் நெஞ்சு இறுகும், செவ்வாய்க்கிழமை தணிந்துவிடும். பஞ்சோடு வரும் சருகுத் தூளில் இருக்கும் பாக்டீரியாக்களின் நச்சுக்கு இதில் பெரிய பங்கு உண்டு. தினமும் சுவாசிக்கும்போது உடம்பு எப்படியோ சமாளித்துக்கொள்கிறது. ஒரு நாள் விலகியிருந்து திரும்பினால் தாங்குவதில்லை. இங்கிலாந்தின் லங்காஷயர் மில்களில் இந்த நோயை ஆராய்ந்த டாக்டர் ரிச்சர்டு ஷில்லிங் அதைப் படிப்படியாகப் பிரித்தார்: முதலில் விடுமுறைக்கு மறுநாள் எப்போதாவது, பிறகு அந்த நாளில் தவறாமல், அடுத்து மற்ற நாட்களிலும், கடைசியில் நுரையீரல் நிரந்தரமாகப் பழுதாகிவிடும். முதற்படிகளில் தூசியை விட்டு விலகினால் மீளலாம்.

எங்கள் மில் வாரம் ஏழு நாளும் ஓடுகிறது. ஒருவருக்கு விடுமுறை புதன், இன்னொருவருக்கு வெள்ளி. அதனால் எங்கள் ‘திங்கட்கிழமை’ வாரம் முழுக்கச் சிதறிக் கிடக்கிறது. பதிவேட்டைத் தேதி வாரியாகப் புரட்டினால் தினம் ஒருவருக்கு மூச்சுத் திணறல் என்றுதான் தெரியும். ஒவ்வொருவருடைய விடுமுறை நாளிலிருந்து எண்ணிப் பார்த்தபோது, பஞ்சுப் பொதியைப் பிரித்துச் சுத்தம் செய்யும் ப்ளோ ரூம், கார்டிங் ஆகிய பகுதி ஆட்களின் பெயர்கள் வரிசையாக முதல் நாளில் வந்து விழுந்தன. நான்கு வருடமாக நான் கையெழுத்துப் போட்ட பதிவேடு இது.

ஜூன் 12, புதன்

ஒரு பெயர் மட்டும் அந்தக் கணக்கில் சேரவில்லை. நூல் நூற்கும் ஸ்பின்னிங் பகுதியில் இயந்திரங்களைக் கவனிக்கும் சைடராக இருக்கும் பெண், விடுதியில் தங்கியிருப்பவள். அதே ‘மூச்சுத் திணறல்’, ஆனால் ஷிப்ட் தொடங்கும் முன்பே. அவளுக்கு விடுமுறை நாளோடு எந்தத் தொடர்பும் இல்லை. எல்லாமே ஒரே சூப்பர்வைசர் பொறுப்பில் இருந்த வாரங்கள்.

ஜூன் 13, வியாழன்

இரவு விடுதிக்குப் போனேன். மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். முதலில் “ஒன்றுமில்லை அக்கா, தூக்கம் போதவில்லை” என்றாள். அதுவும் உண்மைதான், வாராவாரம் ஷிப்ட் மாறுகிறது, பகலில் விடுதி இரைச்சலில் யாரால் தூங்க முடியும். கொடியில் இருந்த துணி முழுவதையும் மடித்து முடித்த பிறகுதான் மீதியைச் சொன்னாள்.

உற்பத்தி குறைந்தவர்களின் பெயரைச் சூப்பர்வைசர் கரும்பலகையில் சிவப்புச் சாக்கட்டியால் எழுதுகிறார். ஷிப்ட் மாறும்போது இரண்டு ஷிப்ட் ஆட்களும் அதைப் படித்துவிட்டுத்தான் போக வேண்டும். கழிவறைக்குப் போனால் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். ஊரையும் சாதியையும் இழுத்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார். அதை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. “காலையில் அந்தப் பலகை ஞாபகம் வந்தாலே மூச்சு அடைக்கிறது அக்கா. தண்ணீர் குடித்தால் பாத்ரூம் போக வேண்டி வருமே என்று குடிப்பதில்லை.”

ஜூன் வெயிலில், ஸ்பின்னிங் கூடத்தின் ஈரச் சூட்டில், எட்டு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் நடக்கிறாள்.

பெரியவருக்குத் தூசி, இவளுக்குப் பயம். பதிவேட்டில் இரண்டுக்கும் ஒரே வார்த்தை, ஒரே மாத்திரை. இரண்டையும் வேலைதான் கொடுத்தது என்று அந்த வார்த்தையிலிருந்து யாருக்கும் தெரியாது.

ஜூன் 18, செவ்வாய்

மேலாளரிடம் பேசினேன். பெண் யார் என்று சொல்லவில்லை. சொல்லாததால் அவர் நம்பவில்லை. “லீவு முடிந்து வந்தால் யாருக்குத்தான் வேலை செய்ய மனசு இருக்கும்? டார்கெட் என்று இருந்தால் கொஞ்சம் அழுத்தம் இருக்கத்தான் செய்யும்.”

தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையில் பிசினோசிஸ் இருப்பதைக் காட்டினேன். 89-வது பிரிவின்படி நிர்வாகமும் பார்த்த மருத்துவரும் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். கரும்பலகை விஷயத்துக்கு அப்படிக் காட்ட ஒரு பிரிவு என் கையில் இல்லை. வேலையிடத்தில் மனநலம் பற்றி 2021-இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 45003 என்ற சர்வதேச வழிகாட்டி, மிதமிஞ்சிய வேலைப்பளு, இழிவுபடுத்துதல், தன் வேலையில் தனக்குப் பிடிமானம் இல்லாமை எல்லாவற்றையும் இயந்திர ஆபத்துகளைப் போலவே கண்டறிந்து குறைக்கச் சொல்கிறது. ஆனால் அது வழிகாட்டிதான், கட்டாயமில்லை. “சரி, ஆதாரத்தோடு வாருங்கள்” என்றார்.

மனிதர்கள் மூச்சுத் திணறுவதற்கு ஆதாரம். கோபம் இன்னும் அடங்கவில்லை.

ஜூன் 27, வியாழன்

மில்லுக்கு வரும் மருத்துவர் பீக் ஃப்ளோ மீட்டர் ஒன்றைக் கொடுத்தார். மூச்சு எவ்வளவு வேகமாக வெளியே வருகிறது என்று அளக்கும், கைக்கு அடக்கமான குழாய். முழு மூச்சை இழுத்து ஒரே ஊதாக ஊதினால் முள் நகரும். விடுமுறை முடிந்து வரும் முதல் நாளில் ஷிப்டுக்கு முன்னும் பின்னும் ஊதவைத்துப் பார்த்தால், தூசி என்ன செய்கிறது என்று ஓரளவு பிடிபடும்.

பெரியவர் காலை ஆறுக்கு முன் ஊதியது 390. மத்தியானம் இரண்டு மணிக்கு 310. மூன்று முறை ஊதியும் கிட்டத்தட்ட அதே அளவுதான். முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தவர், “இத்தனை வருடமாக வயசாகிவிட்டது என்று நினைத்திருந்தேன்” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “என் பெயரை எங்கேயும் எழுதிவிடாதீர்கள் அம்மா. ரிட்டயர்மென்டுக்கு மூன்று வருடம்தான் இருக்கிறது” என்றார்.

இந்த நோய் தொழிலாளர் காப்பீட்டுக்கான இ.எஸ்.ஐ. சட்டத்திலும் தொழில்சார் நோய்தான், உறுதியானால் இழப்பீடு கேட்கலாம் என்று விளக்கினேன். தலையாட்டினார். நம்பினாரா தெரியவில்லை. நோயைச் சொன்னால் வேலை போகும் என்பதை அவர் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. பக்கத்து இயந்திரத்தில் நின்றவர்களுக்கு நடந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறார்.

ஜூலை 5, வெள்ளி

பாதுகாப்புக் குழுக் கூட்டம். வழக்கமாகத் தீயணைப்புக் கருவியின் தேதியைப் பார்த்துவிட்டு டீயோடு முடியும். இன்று இரண்டரை மணி நேரம்.

பெயர் இல்லாமல் அளவுகளை மட்டும் வைத்தேன். மருத்துவர் கூட இருந்தது பலம். பேச்சு, சுத்தம் செய்யும் முறையில் வந்து நின்றது. இங்கே இயந்திரத்தில் படிந்த பிசிரைக் காற்றுக் குழாயால் ஊதித்தான் தள்ளுகிறோம். ஊதிய தூசி எங்கே போகும்? பக்கத்தில் நிற்பவன் நெஞ்சுக்குத்தான். அமெரிக்காவில் 1978-இல் வந்த பஞ்சுத் தூசி விதி, வேறு வழி இருக்கும் இடத்தில் இப்படி ஊதுவதைத் தடை செய்திருக்கிறது. ஒரு ஃபிட்டர் எழுந்து, “உறிஞ்சும் மெஷின் ஒன்று கோடவுனில் பழுதாகிக் கிடக்கிறது. இரண்டு நாள் கொடுங்கள், ஓட வைக்கிறேன்” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

முடிவுகள்: கார்டிங்கில் இனிமேல் உறிஞ்சித்தான் எடுப்பது; ப்ளோ ரூமில் தூசி உறிஞ்சும் குழாய்களைப் பிரித்துப் பார்ப்பது; இரண்டு பகுதி ஆட்களுக்கும் மூச்சுப் பரிசோதனை; வேறு பகுதிக்கு மாற்றினால் சம்பளமும் வருகைப் படியும் குறையக் கூடாது. கடைசியாகச் சொன்னதற்கு மட்டும் ஒரு மணி நேரம் வாதாடினோம். மினிட்ஸில் ஏறிவிட்டது.

முகக்கவசம் வாங்கிக் கொடுத்துவிடலாமே என்று ஒருவர் ஆரம்பித்தார். கொடுக்கலாம், தூசியைக் குறைத்த பிறகு. அந்தச் சூட்டில் எட்டு மணி நேரம் அதை மாட்டிக்கொண்டு யாரும் வேலை செய்து பார்க்கட்டும்.

கரும்பலகையைப் பற்றி, “அடுத்த கூட்டத்தில்” என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை என்பதையும் மினிட்ஸில் எழுதச் சொன்னேன். எழுதினார்கள்.

ஜூலை 10, புதன்

மருந்தறைப் பதிவேட்டில் இன்று மூன்று கட்டங்கள் சேர்த்தோம்: எந்தப் பகுதி, கடைசி விடுமுறை எப்போது, தொல்லை எந்த நேரத்தில் தொடங்கியது. சிஸ்டர் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக் கொடுத்தார். நான்காவதாக ‘யார் பொறுப்பில் இருந்த ஷிப்ட்’ என்பதையும் போடச் சொன்னேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அதையும் போட்டார்.

ஸ்பின்னிங் கூடத்தில் கரும்பலகை இன்னும் இருக்கிறது. சிவப்பில் இன்று இரண்டு பெயர். அந்தப் பெண்ணுடைய பெயர் இல்லை, வேறு இருவர். இன்று மாலை அவர்களைப் பார்க்க விடுதிக்குப் போகிறேன்.

பெரியவருக்கு இன்று விடுமுறை. நாளை அவருக்கு இரவு ஷிப்ட், பத்து மணிக்கு. ஒன்பதரைக்கு மருந்தறையைத் திறந்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். ப்ளோ ரூமில் வேலை செய்யும் தன் தம்பி மகனையும் அழைத்து வருவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.